துரத்தப்பட்ட சகோதரிகளுக்கு நாம் கொடுத்தது என்ன?

(லப்பைக்குடிக்காட்டிலும், அதன் பிறகு அரியலூரிலும் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிவாரணம் என்றதும் நம் கண் முன்னால் வந்து நிற்பது எது? ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் படியில் துண்டை விரித்துப் பிடிப்போம். கடைத்தெருவில் ஒரு சுற்று வருவோம். ஜவுளிக்கடைக்காரர் தேங்கிப்போன சரக்கில் ஒரு கட்டு கொடுப்பார். அரிசிக்கடைக்காரர் இரண்டு சிப்பம் தருவார். லாரியில் ஏற்றி, பேனர் கட்டி, அதற்கு முன்னால் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வோம். குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுத்தவர்களின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். அந்தத் துண்டின் ஒரு முனையைப் பிடித்து நின்றவன்தான் நானும்.

2002இல் குஜராத் எரிந்தபோது நாம் மூட்டை மூட்டையாகச் சேலை சேர்த்தோம். சரக்கோடு போய்வந்த இளைஞர் ஒருவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், அங்கே நிறையப் பேர் சல்வார் உடுத்துகிறவர்கள். சேலை உடுத்துகிறவர்களுக்கோ நாம் உள்பாவாடையும் அனுப்பவில்லை, ரவிக்கையும் அனுப்பவில்லை. மாதவிலக்குத் துணி கேட்டு ஒரு அம்மா ஜாடை காட்டினார். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று." மூட்டை கட்டியவர்கள் நாற்பது பேர் இருப்போம். அத்தனை பேரும் ஆண்கள். வீட்டுக்குள் இருந்த அம்மாவிடமோ மனைவியிடமோ "என்ன அனுப்பலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. முதல் குற்றவாளி நான்.

இதைப் படிக்கும் நீங்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்கு ஓடுகிறவருக்கு 'அகதி' என்று ஒரு பெயர் உண்டு. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை உண்டு. சொந்த நாட்டுக்குள்ளேயே, அடுத்த மாவட்டத்துக்குத் துரத்தப்பட்டவருக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. துரத்தியவனைத் தடுக்காத அதே அரசாங்கத்தின் வாசலில்தான் அவர் கையேந்தி நிற்க வேண்டும். அதிலும் பெண்ணாக இருந்துவிட்டால், அந்த வாசலுக்கு அவர் நேராகப் போகவும் முடியாது. அவருக்காகப் பேச ஒரு கணவனோ, தகப்பனோ, மகனோ வேண்டும். அவனும் கொல்லப்பட்டிருந்தால்?

இதற்கு நம் மொழி பேசும், நம் கலிமா சொல்லும் மக்களின் வரலாறே சாட்சியாக இருக்கிறது. இலங்கையின் வட மாகாண முஸ்லிம்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1990 ஆகஸ்டில் கிழக்கே காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முழுவதிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று எந்த மாவட்டமும் மிஞ்சவில்லை. அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சோனகத் தெருக்களில் சுற்றியது. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் கெடு. கையில் சில நூறு ரூபாய், மாற்றுத் துணி, அவ்வளவுதான். வழியில் சோதனை. பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி வாங்கினார்கள். பச்சைக் குழந்தையின் தோடும் தப்பவில்லை. மன்னாரிலிருந்து பலர் படகேறி, மழைக்காலக் கடலில் கற்பிட்டிக் கரைக்கு வந்து விழுந்தார்கள். மொத்தம் 70 ஆயிரத்திலிருந்து 75 ஆயிரம் பேர். பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள்.

வணிகர்களே, இதில் உங்களுக்கு விளங்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் உங்களைப் போன்றவர்கள். தையல், இரும்புச் சாமான், லாரி, ஜவுளி என்று நடத்தியவர்கள். கடன் கொடுத்தவர்கள், கொள்முதலுக்கு முன்பணம் கட்டியவர்கள். இரண்டு மணி நேரத்தில் கல்லாவும் போயிற்று, பேரேடும் போயிற்று. ஆனால் வீடு? வடக்கு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மகளின் திருமணத்தின்போது சீதனமாக வீடு கொடுப்பார்கள். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்குப் போகிறதே, அது போல. அப்படியானால் அன்று பறிபோன வீடுகளில் எத்தனையோ வீடு பெண்களுடையது! இழப்பீடு என்று பேச்சு வந்தபோது மட்டும் பாரத்தில் 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துப் புத்தளம் போனேன். கற்பிட்டிப் பக்கம் மணல் பாங்கான நிலம். மிளகாயும் சின்ன வெங்காயமும் விளைகிறது. வரப்போரம் பத்துப் பெண்கள் உட்கார்ந்து வெங்காயத்தின் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நம் ஆலத்தூர், செட்டிகுளம் பக்கத்துக் காடு போலவே இருந்தது. அதே குந்தல், அதே அரிவாள்மனை, அதே கண் எரிச்சல். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "மவ்லவி, என்ட வீட்டில ரெண்டு பேர் வேலைக்கு நிண்டவை. இப்ப நான் கூலிக்கு நிக்கிறன்." அவர் அழவில்லை, அழுதது நான்தான். வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டேன்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்த உரையில் உங்களுக்குச் சொல்ல வந்தேன். முதல் சில மாதங்கள் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. புத்தளத்து மக்கள் தங்கள் தென்னந்தோப்புகளில் குடிசை போட இடம் கொடுத்தார்கள். சோறு கிடைத்தது, அரசின் உலர் உணவும் வந்தது. "பசியால நாங்க சாகல்ல" என்றார் அந்தத் தாய். பிறகு என்னதான் கஷ்டம்? கிடுகு வேய்ந்த குடிசை. நடுவில் ஒரு சேலைதான் மறைப்பு. அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கழிப்பறை இல்லை. இருட்டும்வரை பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்தார்களாம். பொழுது போனதும் நாலைந்து பேராகச் சேர்ந்து தோப்புக்குள் போவார்கள். வயதுக்கு வந்த மகளை வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாக நிகாஹ் செய்து வைத்தார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பதினைந்து பதினாறில் தாயானார்கள். பிரசவம் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்க, முகாம் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை!

சகோதரர்களே, இந்தக் குறைகளில் எதையாவது ஒரு அரிசி மூட்டை தீர்த்திருக்குமா?

1998இல் ஐ.நா. சபையில் பிரான்சிஸ் டெங் என்ற சூடான் நாட்டவர் உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி முப்பது வழிகாட்டு நெறிகளை முன்வைத்தார். நாம் மேடையில் அடிக்கடி ஐ.நா.வைத் திட்டுகிறோம், திட்டவும் காரணம் இருக்கிறது. ஆனாலும் அந்த நெறிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும். நிவாரணத்தைத் திட்டமிடுவதிலும் பங்கிடுவதிலும் பெண்கள் முழுமையாகக் கலந்துகொள்ள வேண்டும். பெண்களுக்குப் பெண் மருத்துவப் பணியாளர் கிடைக்க வேண்டும். ஆவணங்களைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே பெறும் உரிமை பெண்களுக்கு உண்டு. இவ்வளவும் அதில் இருக்கிறது. இது சட்டமல்ல, வழிகாட்டல்தான். எந்த அரசையும் கோர்ட்டில் நிறுத்தும் பலம் அதற்கு இல்லை. ஆனால் ஒரு ஜமாஅத் கமிட்டி நாளைக்கே அதன்படி நடக்க யார் தடை?

ஆவணம் என்ற அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். சோறு ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். காகிதம் இருபது வருடம் அலைய வைக்கும். ஓடி வந்தவளிடம் வீட்டு உறுதி இல்லை (நாம் பத்திரம் என்கிறோம், அங்கே உறுதி). நிகாஹ் பதிவு இல்லை. கணவன் காணாமல் போனான். இறந்ததற்குச் சான்று இல்லை. அவள் விதவையா, மனைவியா? இத்தா இருப்பதா, காத்திருப்பதா? மறுமணம் கூடுமா? மார்க்கம் படித்த நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை. நமக்கு முன்னால் வந்து நின்ற பெண்ணிடம், "சான்று கொண்டு வாம்மா" என்றுதான் நம்மில் பலர் சொன்னோம். இலங்கையில் 1935ஆம் ஆண்டு நில அபிவிருத்திச் சட்டப்படி, அரசு கொடுத்த காணி வாரிசுரிமையில் ஆண் பிள்ளைக்கே முதலிடம். 2022இல்தான் அது திருத்தப்பட்டது. 87 வருடம்!

இந்தப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்ட ஜன்சிலா மஜீத், புத்தளத்தில் சமுதாய நம்பிக்கை நிதியத்தை நடத்தினார். 2010இல் அமெரிக்க வெளியுறவுத்துறை வழங்கும் வீரப் பெண்மணி விருது அவருக்குக் கிடைத்தது. ஜுவைரியா மொஹிதீன் முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்தை உருவாக்கினார். தலாக், பராமரிப்புச் செலவு, குடும்ப வன்முறை என்று பெண்கள் அங்கே வந்து முறையிடுகிறார்கள். மன்னாரைச் சேர்ந்த ஷிரீன் சரூர், மன்னார் பெண்கள் அபிவிருத்திக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். முஸ்லிம் பெண்களையும் தமிழ்ப் பெண்களையும் ஒரே பாயில் உட்கார வைத்தது அது. அவர்கள் சொல்வது எல்லாவற்றிலும், குறிப்பாகத் திருமணச் சட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்வதில், நம் உலமாக்கள் உடன்பட மாட்டார்கள். எனக்கும் சில இடங்களில் மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் நடு இரவில் அடிபட்டு வந்த பெண்ணுக்குக் கதவைத் திறந்தது அவர்களா, நாமா? அதைச் சொல்லிவிட்டு மாற்றுக் கருத்தைப் பேசுவோம்.

ஒரே பாய் என்றேன். சிலருக்கு முகம் சுருங்கும். "துரத்தியவர்களோடா?" என்று. துரத்தியது ஒரு இயக்கம். பக்கத்து வீட்டுத் தமிழ்த் தாய் அல்ல. பலர் அழுதுகொண்டே வழியனுப்பியதை வெளியேறியவர்களே சொல்கிறார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் பிரபாகரனை அருகில் வைத்துக்கொண்டே ஆண்டன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு என்ன நடந்தது? 2009இல் ஏறத்தாழ மூன்று லட்சம் தமிழ் மக்கள் முள்வேலிக்குள் அடைபட்டார்கள். அந்த மெனிக் பாம் முகாம் இருந்த ஊரின் பெயரும் செட்டிகுளம்தான்! அங்கும் கழிப்பறை வரிசையில் பெண்கள், அங்கும் காணாமல் போன கணவன், அங்கும் சான்றில்லாத விதவை. வேதனையில் வேறுபாடு பார்க்க முடியவில்லை. ஆனால் உதவியில் வேறுபாடு வந்தது. 2008க்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', நம் வடக்கு முஸ்லிம்கள் 'பழையவர்கள்' என்று பிரித்து, பழையவர்களைப் பின்வரிசையில் வைத்தார்கள். 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இருபது வருடத்தில் நாலு குடும்பமாகிவிட்டார்கள். திரும்பினால் ஒரு காணி, அதிலும் காடு. 2007இல் உலக வங்கி கொடுத்த 3 கோடியே 20 லட்சம் டாலர் கடனில் புத்தளத்திலேயே வீடு கட்டும் திட்டம் வந்தது. வீடு கட்டியவர்களைப் பார்த்து "இனி உனக்கு வடக்கில் என்ன வேலை?" என்று கேட்டவர்களும் உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். முஸப்பர்நகரில் 2013 செப்டம்பரில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரை விட்டு ஓடினார்கள். குளிர்காலத்தில் முகாம்களில் குழந்தைகள் இறந்தன. உத்தரப் பிரதேச அரசு குறிப்பிட்ட ஒன்பது கிராமத்துக் குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தது. ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை! ஒரு குடும்பத்துக்கு ஒரு காசோலை. அது யார் பெயரில் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மானபங்கப்படுத்தப்பட்ட ஏழு பெண்கள் புகார் கொடுக்க முன்வந்தார்கள். மிரட்டலிலும் அலைச்சலிலும் வருடங்கள் போயின. 2023 மே மாதம் ஒரு வழக்கில் இருவருக்கு இருபது ஆண்டுச் சிறை கிடைத்தது. அந்தச் சகோதரி ஏறத்தாழ பத்து வருடம் தளராமல் நின்றார். அவருக்காக வழக்கறிஞர் விருந்தா குரோவர் நின்றார். ஒரு வக்கீல், ஒரு துணைக்கு வரும் பெண், கோர்ட்டுக்குப் போய்வர பஸ் காசு, அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இதுவும் நிவாரணம்தான். இதற்கு யாராவது துண்டு விரித்தோமா?

மார்க்கத்தில் நமக்கு முன்மாதிரி இல்லையா? ஹிஜ்ரத் என்றால் நாம் மதீனத்து அன்சாரிகளைச் சொல்வோம். பாதிச் சொத்தைத் தருகிறேன் என்ற சஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களிடம், சந்தைக்கு வழி காட்டினால் போதும் என்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைச் சொல்வோம். வணிகர் கூட்டத்தில் அது எடுபடும். உம்மு ஸலமா (ரலி) அவர்களை ஏன் சொல்வதில்லை? கணவர் மதீனா போய்விட்டார். இவரை இவருடைய குலத்தார் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கைக்குழந்தையைக் கணவரின் குலத்தார் பிடுங்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் தினமும் வெளியே வந்து உட்கார்ந்து அழுதார். பிறகு குழந்தையோடு தன்னந்தனியாக ஒட்டகத்தில் புறப்பட்டார். வழியில் கண்டவர் உஸ்மான் இப்னு தல்ஹா. அன்றைக்கு அவர் முஸ்லிம் கூட இல்லை. மதீனாவின் எல்லை வரை கூடவே நடந்தார். தங்கும் இடத்தில் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டு, அந்தப் பெண் கூச்சமின்றி இறங்குவதற்காகத் தூரப் போய் நின்றார். அந்தத் தூரப் போய் நின்றதைக் கவனியுங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குள் நுழையும் இளைஞர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

சரி, பெரம்பலூரிலும் அரியலூரிலும் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும்? நம் ஊரில் கலவரம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பக்கத்தில் ஜெயங்கொண்டத்தைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்கென்று 1990களில் கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். மின் நிலையம் வரவேயில்லை. இழப்பீட்டுக்காக வழக்கு மேல் வழக்கு. கடைசியில் நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு முடிவு செய்தது. பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர் பெயருக்குத்தான் நோட்டீஸ் வந்தது. அந்த நிலத்தில் களை எடுத்த பெண்ணின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைக்கிறார்கள். அங்கே எத்தனை கழிப்பறை, எத்தனைக்குத் தாழ்ப்பாள் உண்டு என்று நம் இளைஞர்கள் ஒருநாள் போய் எண்ணிப் பார்க்கட்டும்.

செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள் ஆகியோருக்கு உதவுவதுதான் அதன் வேலை. நாம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது. வணிகர்களே, போட்ட முதல் பெருகும் வியாபாரம் இது! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடிபட்ட பெண்ணுக்கு ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, 181 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? அடுத்த முறை நிவாரணக் கமிட்டி போடும்போது பாதிப் பேர் பெண்கள் இருக்கட்டும். பேருக்கு அல்ல, பட்டியல் எழுதும் பேனாவை அவர்களிடம் கொடுங்கள். பணம் கொடுப்பதானால் அவளுடைய கணக்கிலேயே போடுங்கள்.

லப்பைக்குடிக்காட்டில் இதைப் பேசி முடித்தபோது பெண்கள் பகுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பெயர் இல்லை. "என் கணவர் சவூதியில் இருக்கிறார். வீட்டுப் பத்திரம், குழந்தைகளின் பிறப்புச் சான்று, என் நிகாஹ் சான்று எல்லாம் மாமனார் பீரோவில். நகல்கூட என்னிடம் இல்லை. திடீரென்று ஓட வேண்டி வந்தால் நான் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது?" என்று எழுதியிருந்தது.

என்னிடம் பதில் இல்லை. அரியலூர்க் கூட்டத்திலும் அதே சீட்டை வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் எழுந்து, எந்தப் பெண் வந்தாலும் காசு வாங்காமல் இரண்டு நகல் எடுத்து, லேமினேட் செய்து தருவதாகச் சொன்னார். போன மாதம் அவரைப் பார்த்தேன். முதல் வாரம் இரண்டே பேர் வந்தார்களாம். அதில் ஒருவர் தன் மருமகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்த மாமியார்.